மொய் நோட்டில் கிடைத்த தேதி

ஊர் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

டொராண்டோ தங்கச்சி போன வாரம் கேட்டிருந்தது: "எங்க தாத்தா செத்தது பேப்பர்ல வந்துச்சுன்னு அம்மா சொல்றாங்க. கூகுள்ல பேரைப் போட்டா ஒண்ணும் வரலை. இங்க இருந்துகிட்டு எப்படித் தேடுறது?" அதற்கு இரண்டு பேர் "சேலம் போய்த்தான் பார்க்கணும்" என்றார்கள். ஒருவர் தாத்தாவுக்கு ரோஜாப்பூப் படம் போட்டு ஆழ்ந்த இரங்கல் தெரிவித்திருந்தார். அவர் இறந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, பரவாயில்லை.

எங்கள் தாத்தாவுக்காக இதே வேலையை அபுதாபியில் உட்கார்ந்துகொண்டு இரண்டு வருஷம் செய்தவன் நான். அதில் ஒரு வருஷம் என் முட்டாள்தனத்தால் வீணானது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாக இருக்கும்.

முதலில், பெயரைப் போட்டுத் தேடுவதை விட்டுவிடுங்கள். பழைய தமிழ் நாளிதழ்களில் பெரும்பங்கு இணையத்தில் கிடையாது. படமாக ஏறியிருப்பவற்றிலும் எழுத்தைத் தேடும் வசதி நம்பும்படி இல்லை. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வரும்வரை பெரும்பாலான ஏடுகளில் றா, னை, லை எல்லாம் பழைய கொக்கி, துதிக்கை வடிவத்தில்தான் இருக்கும். கம்ப்யூட்டர் அதைப் பார்த்துத் திணறும். போதாததற்கு ஒரே ஆளை முனுசாமி, முனிசாமி, முனுஸ்வாமி என்று மூன்று விதமாக அச்சுக் கோத்திருப்பார்கள். அதனால் தேதிதான் முக்கியம். தேதியும், எந்த ஊரில் அச்சான பதிப்பு என்பதும் தெரிந்தால் மீதி வெறும் பக்கம் புரட்டும் வேலை.

அந்தத் தேதிதான் என்னைப் படுத்தி எடுத்தது.

தாத்தா ஆரம்பப் பள்ளி வாத்தியார். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினம் பக்கம் நாலு ஊரில் வேலை பார்த்தவர். எப்போது இறந்தார் என்று அத்தையைக் கேட்டால், "அண்ணா செத்தாரு இல்ல, அதுக்கு அடுத்த எழவு நம்ம வூட்டுலதான்" என்றது. அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3. சரி, அதையொட்டித்தான் என்று எடுத்துக்கொண்டிருக்கலாம். ஆனால் கொல்லையில் இருக்கும் தாத்தா சமாதிக் கல்லில் "சௌமிய வருஷம் மாசி மாதம்" என்று வெட்டியிருக்கிறது. சௌமிய என்பது 1969 சித்திரையில் தொடங்கிய வருஷம். அதன் மாசி 1970 பிப்ரவரி, மார்ச்சில்தான் வரும். கிழவி சொல்வதை நம்புவதா, கல் சொல்வதை நம்புவதா? படித்தவன் இல்லையா நான், கல்லை நம்பினேன்.

சேலத்தில் படிக்கும் ஒரு பையனைப் பிடித்து, ஒரு நாளைக்கு 800 ரூபாயும் மதியச் சாப்பாடும் என்று பேசி, நாளிதழ்களை பைண்டு செய்து வைத்திருக்கும் ஓர் இடத்துக்கு அனுப்பினேன். 1970 பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் பார்க்கச் சொன்னேன். "மரணம், காலமானார்னு தலைப்பு இருக்கிற செய்தி மட்டும் பாரு, மத்ததைத் தள்ளிடு" என்று விவரமாக வேறு சொல்லி அனுப்பினேன். பையன் ஆறு நாள் பார்த்தான். ஒன்றும் இல்லை. காகிதம் தொட்டால் அப்பளமாக நொறுங்குகிறது, கை எல்லாம் அரிக்கிறது என்று மட்டும் படம் எடுத்து அனுப்பினான். பத்திரிகை அலுவலகம் ஒன்றுக்குப் போன் போட்டால் அந்தக் காலத்து இதழ்கள் தங்களிடம் இல்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். நானும் அதோடு விட்டுவிட்டேன்.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அத்தை வீட்டுப் பரணில் தகரப் பெட்டியைக் கிளறியதில் ஒரு நீள நோட்டு கிடைத்தது. மொய் நோட்டு. கல்யாண நோட்டு என்றால் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் நாலு மூலையிலும் மஞ்சளும் இருக்கும். இதில் இரண்டும் இல்லை. மேலே "கீலக வருஷம் மாசி 20" என்று எழுதி, கீழே நேராகப் பெயர்கள் தொடங்கிவிட்டன. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஓர் இடத்தில் "அரிசி 1 மரக்கால்". தாத்தாவின் கருமாதி மொய்!

கீலக, சௌமியவுக்கு முந்தின வருஷம். அப்படியானால் 1969 மாசி. எங்கள் வீட்டில் கருமாதி பதினாறாம் நாள். இருபதிலிருந்து பின்னால் எண்ணினால் மாசி 5, அதாவது பிப்ரவரி நடுவில். அண்ணா போய் இரண்டு வாரம், கலைஞர் முதல்வராகி ஒரு வாரம். அத்தை சொன்னது அட்சர சுத்தம். கல்லும் பொய் சொல்லவில்லை. முதல் தெவசத்துக்குத்தான் சமாதி கட்டியிருக்கிறார்கள், கட்டிய மாதத்தைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். எனக்குத்தான் அது தோன்றவில்லை.

மறுபடியும் அதே பையன். இந்த முறை 1969 பிப்ரவரி 15 முதல் மார்ச் கடைசி வரை. மறுநாள் பேப்பரில் இருக்கும் என்று நினைத்தால் அதுவும் தப்பு. அன்றைக்கு நம் பக்கத்து நிருபர் செய்தியைத் தபாலில் போட்டு, அது போய்ச் சேர்ந்து, இடம் இருந்தால் அச்சாக வேண்டும். கடைசியில் மார்ச் இரண்டாம் வாரத்து இதழ் ஒன்றில், உள்பக்கத்தில், ஏழு வரி கிடைத்தது. மரணச் செய்தி இல்லை, ஆசிரியர் சங்க இரங்கல் கூட்டம். இன்ன ஊர் வாத்தியார் இன்ன தேதியில் "இயற்கை எய்தினார்", சங்கத்தார் இரண்டு நிமிடம் எழுந்து நின்றார்கள் என்று. பையன் அனுப்பிய முதல் படத்தில் பாதி வரியை அவன் கட்டைவிரல் மறைத்திருந்தது. விரலை எடுத்து இன்னொன்று எடுக்கச் சொல்லி, அது வந்து சேரும்வரை நான் வேலை எதுவும் பார்க்கவில்லை.

அப்புறம்தான் ஒரு யோசனை. இரங்கல் கூட்டம் கிடைத்தது என்றால் முதலாம் ஆண்டு நினைவு அஞ்சலி ஏன் இருக்கக் கூடாது? பையனை மறுபடி 1970க்கே அனுப்பினேன், அதே தொகுதி, அதே மாசி. விளம்பரப் பக்கத்தில், ஒரு பல்பொடி விளம்பரத்துக்குக் கீழே, தாத்தாவின் படத்தோடு இருந்தது. முதல் தடவையே அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறான். தலைப்பில் "மரணம்" இல்லாததால் நான் சொன்னபடி தள்ளிவிட்டான். அவனை என்ன சொல்வது.

அதனால் தங்கச்சி, மூன்று இடம் பார். இறந்த நாளிலிருந்து ஒரு வாரம், கருமாதியையொட்டி இன்னொரு வாரம், சரியாக ஒரு வருஷம் கழித்து ஒரு வாரம். சொற்களையும் பார்த்து வைத்துக்கொள். சிவலோக பதவி, வைகுண்ட பதவி, இயற்கை எய்தினார், கர்த்தருக்குள் நித்திரை, வபாத்தானார் என்று ஆளுக்கு ஏற்றபடி மாறும். எங்கள் தாத்தா சங்கத்தார் செய்தியில் இயற்கை எய்தினார், விளம்பரத்தில் சிவலோக பதவி அடைந்தார். விபூதி பூசிக்கொண்டு பெரியார் கூட்டத்துக்கும் போன மனிதர், இரண்டும் பொருந்தும்.

ஊர்ப் பெயர் விஷயத்திலும் நம் ஆட்கள் ஏமாறுவது உண்டு. கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது 2004 பிப்ரவரியில். அதற்கு முன் தர்மபுரி மாவட்டம், அதுவும் 1965 அக்டோபர் 2இல் வந்ததுதான். அதற்கு முன் இறந்தவர் என்றால் "சேலம் ஜில்லா, கிருஷ்ணகிரி தாலுகா" என்றுதான் இருக்கும். பழைய ஆங்கில ஏடுகளில் கிருஷ்ணகிரியை "கிஸ்ட்னகெரி" என்பார்கள். அந்த எழுத்துக்கூட்டலைப் போட்டால்தான் சில பதிவுகள் வரும்.

எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகம் நாட்டின் நான்கு வைப்பு நூலகங்களில் ஒன்று. அச்சாகும் நூல்களை அங்கே அனுப்பச் சொல்லும் சட்டத்தில் 1956இல் நாளிதழ்களையும் சேர்த்தார்கள், அதனால் பதிப்பாளர்கள் ஒரு பிரதி அங்கே அனுப்ப வேண்டும். ஆனால் சேலத்தில் அச்சான பதிப்பும் இருக்கும் என்று நம்பி ஆளை அனுப்பாதீர்கள், எந்தப் பதிப்பு, எந்த மாதம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு அனுப்புங்கள். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய பருவ இதழ்கள் நிறைய. சாதிச் சங்கம், ஆசிரியர் சங்கம் மாதிரி எதிலாவது உங்கள் தாத்தா உறுப்பினராக இருந்திருந்தால் நாளிதழைவிட அந்தச் சங்கத்தின் இதழில் விரிவாக எழுதியிருப்பார்கள். வசதியான குடும்பமாக இருந்து ஆங்கிலப் பேப்பரில் விளம்பரம் கொடுத்திருந்தால் கூகுள் செய்தித்தாள் ஆவணத்தில் பழைய இந்தியன் எக்ஸ்பிரஸ் இதழ்கள் கணிசமாக உண்டு. அங்கேயும் தேதி பார்த்துத்தான் புரட்ட வேண்டும்.

மலேயா போனவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நம்மைவிட யோகம். சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை வலைத்தளத்தில் ஏற்றியிருக்கிறது. 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் அதில் சேர்த்தி. சில இதழ்களை மட்டும் அவர்கள் நூலகத்தில் உட்கார்ந்துதான் பார்க்க முடியும், அதற்கு நம் சிங்கப்பூர்க் கிளை மாமா இருக்கிறார். இலங்கைப் பக்கம் என்றால் "நூலகம்" என்ற பெயரிலேயே ஒரு வலைத்தளம் இருக்கிறது. அங்கே இறந்தவருக்கு முப்பத்தோராம் நாள் "கல்வெட்டு" என்று ஒரு சிறு புத்தகமே போடுவார்கள், வம்சாவளியோடு. நாம் என்ன செய்கிறோம், கருமாதிக் கடிதாசி வந்தால் வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று படித்ததும் கிழித்துப் போடுகிறோம். மகன், மருமகன், பேரன் என்று மொத்தக் குடும்பத்தையும் வரிசையாக அச்சடித்த காகிதம் அது! இத்தனைக்கும் ஆயிரத்து ஐந்நூறு வருஷம் முன்னால் இரங்கல் செய்தியைக் கல்லிலேயே வெட்டிய மண் நம்முடையது. தர்மபுரி அகழ்வைப்பகத்தில் போய்ப் பாருங்கள். இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு, இன்ன ஊரான், இன்னாருடைய சேவகன், தொறு (மாட்டு மந்தை) மீட்டுப் பட்டான் என்று நடுகல்லில் எல்லா விவரமும் இருக்கும். பேப்பர்க்காரன் ஏழு வரியில் சொன்னதை அவர்கள் மூன்று வரியில் முடித்திருப்பார்கள்.

என் கதையில் ஒன்று பாக்கி. அந்த நினைவு அஞ்சலி விளம்பரத்தின் அடியில் "இவண்" என்று போட்டு ஒரே ஒரு பெயர், அதன் கீழே "தம்பி, கோலார் தங்கவயல்". எங்கள் தாத்தாவுக்குத் தம்பி ஒருவர் இருந்தார் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மொய் நோட்டை மறுபடி பார்த்தேன், அதில் இல்லை. இருக்கவும் முடியாது, எங்கள் வகையறாவில் பங்காளிகள் கருமாதிக்கு மொய் எழுத மாட்டார்கள், செலவில் பங்கு போடுவார்கள். அத்தையைக் கேட்டேன். கொஞ்ச நேரம் வெற்றிலையை மென்றுவிட்டு, "கெணத்து பாகத்துல சண்ட. மைன்ஸ்க்குப் போனவன்தான், அப்புறம் பேச்சுவார்த்த இல்ல" என்றது. பேச்சுவார்த்தை இல்லாதவர்தான் பணம் கட்டி அண்ணன் படத்தைப் பேப்பரில் போட்டிருக்கிறார்.

சுரங்கம் 2001 பிப்ரவரியோடு மூடியாகிவிட்டது, தங்கவயலில் இருந்தவர்கள் நிறையப் பேர் பெங்களூருக்கு ரயிலில் போய் வருகிறார்கள். ராபர்ட்சன்பேட்டையில் நண்பர் ஒருவரை வைத்து விசாரித்ததில் நாலே நாளில் பேரன் ஒருவர் கிடைத்தார். எனக்கு அண்ணன் முறை. போனில் விளம்பரத்தைப் பற்றிச் சொன்னதும், "இரு, படம் அனுப்பறேன்" என்றார். அவர்கள் வீட்டு நடையில் எங்கள் தாத்தா படம் மாட்டியிருக்கிறது. சட்டத்தின் பின்பக்க அட்டையைக் கழற்றினால் உள்ளே மடித்து வைத்த அதே விளம்பரம், பல்பொடியை வெட்டிவிட்டு.

சரி, வேலைக்கு வருவோம். ஆடிப்பெருக்குக்கு ஊருக்கு வருகிறேன். சேலத்தில் இரண்டு நாள் பக்கம் புரட்டுவதாக எண்ணம், அந்தப் பையனும் வருகிறான், இப்போது 1,000 ரூபாய் கேட்கிறான். வேண்டியவர்கள் ஆனி முடிவதற்குள் எழுதுங்கள். பெயர் மட்டும் அனுப்பினால் தேட மாட்டேன். தமிழ் வருஷம், மாதம், கருமாதி எத்தனையாம் நாள் செய்யும் வழக்கம், என்ன வேலை பார்த்தார், சொந்தக்காரர்கள் எந்த ஊரில் இருந்தார்கள், இதெல்லாம் வேண்டும். தங்கச்சி, அம்மாவிடம் அந்த வருஷம் யார் வீட்டில் கல்யாணம், ஏரி நிரம்பியதா வறண்டதா என்று கேள். தேதி தெரியுமா என்று கேட்காதே, தெரியாது என்றுதான் சொல்வார். பரணில் மொய் நோட்டு இருந்தால் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல், மஞ்சள் தடவாத நோட்டை முதலில்.

அன்புடன்,
மேலத்தெரு வாத்தியார் பேரன்,
அபுதாபி