ஒரு மனைக்கு ஒரே வீடு: இந்த விதி தேவையா?

வரைபடம்:
மனை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு குடும்பத்துக்கான தனி வீடுதான் கட்டலாம் என்ற விதியை நகராட்சிகள் தூக்கிவிட வேண்டும் என்பது என் கட்சி. குடியிருப்பு நிலத்தில் பெரும்பகுதியை இப்படிப் பூட்டி வைத்துவிட்டு, வாடகை ஏறுகிறதே என்று கமிட்டி போட்டுப் பேசி என்ன பயன்? அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகர மன்றம் 2018-இல் மனைக்கு மூன்று வீடு வரை அனுமதிக்க முடிவெடுத்தது. நகரம் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

தனிவீடு:
சரி, போகவில்லை. மூன்று வீடாக எத்தனை பேர் கட்டினார்கள்? மிகச் சிலர்தான். பலனே இல்லாத ஒன்றுக்காக, திட்ட வரைபடத்தை நம்பி மனை வாங்கியவனை ஏன் ஏமாற்ற வேண்டும்?

வரைபடம்:
மூன்று வீடு என்றார்களே தவிர, கட்டிடத்தின் மொத்தத் தளப்பரப்புக்குப் பழைய உச்சவரம்பையே வைத்திருந்தார்கள். ஒரு வீட்டுக்கான அளவுக்குள் மூன்றை யார் திணிப்பார்கள்? நியூசிலாந்தின் ஆக்லாந்தைப் பாருங்கள். 2016-இல் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் விதியைத் தளர்த்தினார்கள். வரிசை வீடுகள் மளமளவென்று எழும்பின.

தனிவீடு:
அதே ஆக்லாந்து 2023 ஜனவரியில் வெள்ளத்தில் மிதந்தது. மண்ணையெல்லாம் கான்கிரீட்டால் மூடினால் தண்ணீர் எங்கே போகும்?

குழாய்வழி:
வடிகால் வேலையில் இருந்தவன் என்பதால் குறுக்கிடுகிறேன். அன்று பெய்த மழைக்கு எந்தக் குழாயும் தாங்கியிருக்காது. அப்புறம், மழைநீருக்கு வீட்டு எண்ணிக்கை கணக்கே இல்லை. மூடிய தரைதான் கணக்கு. முற்றம் முழுக்கத் தளம் போட்ட ஒரு பங்களா, அதே மனையில் தோட்டம் விட்டு மாடியாக எழுப்பிய மூன்று வீடுகளைவிட அதிக நீரைத் தெருவுக்குத் தள்ளும். ஆனால் கழிவுநீர் தலைக்கணக்கு. ஆட்கள் மும்மடங்கானால் பழைய குழாய் ஒருநாள் மேன்ஹோல் வழியாகப் பதில் சொல்லும். அந்தச் செலவை வளர்ச்சிக் கட்டணமாக அனுமதி கொடுக்கும்போதே கறாராக வாங்கிவிட வேண்டும். கட்டி முடித்த பிறகு கேட்டால் பில்டர் ஊரில் இருக்க மாட்டார்.

வரைபடம்:
கட்டணம் வாங்கட்டும், மறுக்கவில்லை. ஆனால் இந்த விதியின் பூர்வீகத்தையும் பார்க்க வேண்டும். 1926-இல் யூக்ளிட் என்ற ஊர் தொடர்பான வழக்கில், எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்று ஊரைப் பிரிக்கும் மண்டலப் பிரிப்பைச் செல்லும் என்ற அமெரிக்க உச்ச நீதிமன்றம், தனி வீட்டுப் பகுதியில் வரும் அடுக்குமாடியை ஒட்டுண்ணி என்றே எழுதியது.

தனிவீடு:
நூறு வருஷத்துக்கு முந்தைய நீதிபதி எழுதியதை என் தலையில் கட்டாதீர்கள். நான் கேட்பது முற்றத்துக்கு வெயில். அமெரிக்காவின் ஹூஸ்டனில் 1998-இல் நகரின் உட்பகுதியில் குறைந்தபட்ச மனை அளவை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 வரை இறக்கி, ஒரு மனையைப் பிரித்துப் பல வீடு கட்ட வழிவிட்டார்கள். விரும்பாத தெருக்காரர்கள் மனுப் போட்டு விலகிக்கொள்ளலாம் என்றும் வைத்தார்கள். அதுதான் மரியாதை.

வரைபடம்:
மனுவில் கையெழுத்துப் போடுவது சொத்துக்காரர். வாடகைக்கு இருப்பவருக்கு அதில் வாயே இல்லை. வசதியான தெருவெல்லாம் விலகிக்கொண்டால் பாரம் மற்றத் தெருக்களில்தானே இறங்கும்?

குழாய்வழி:
விலகலுக்குப் பத்து வருஷக் கெடு வையுங்கள். அதற்குள் குழாயை மாற்றிவிடலாம்.

தனிவீடு:
கெடு என்றால் பேசலாம். முதலில் பக்கத்து மனைக்காரர் எத்தனை அடி இடைவெளி விடுவார், எத்தனை மாடி ஏற்றுவார் என்று எழுத்தில் காட்டுங்கள்.