மாவட்டப் போட்டிக்குப் போகப் பஸ் காசு யார் கொடுப்பது?

தருமபுரிக்காரன்:
என் மகள் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாவது படிக்கிறாள், 400 மீட்டர் ஓடுவாள். குறுவட்டப் போட்டியில் முதலாவதாக வந்து வருவாய் மாவட்டப் போட்டி வரை போனாள். அவளோடு போன ஐந்து பிள்ளைகளுக்கும் பஸ் காசு, மத்தியானச் சாப்பாடு எல்லாம் பி.டி. டீச்சர் கைக்காசு. கேட்டால் பரவாயில்லைங்க என்கிறார், எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. விளையாட்டுக்கு என்று அரசு பணம் தருகிறதே, அது இதற்கெல்லாம் ஆகாதா? யாரிடம் கேட்பது?

விசில் வாத்தியார்:
22 வருஷமாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன், உங்கள் டீச்சர் செய்ததை நானும் செய்திருக்கிறேன். சமக்ர சிக்‌ஷா என்ற மத்திய, மாநில அரசுகளின் பள்ளிக் கல்வித் திட்டத்தில் வருஷத்துக்குத் தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000 ரூபாய் வரை உண்டு. ஆனால் அது விளையாட்டுப் பொருள் வாங்க. பந்து, வலை, ஸ்கிப்பிங் கயிறு வாங்கினால் தீர்ந்தது. 800 பேர் படிக்கும் பள்ளி என்றால் தலைக்கு 31 ரூபாய்தான் வருகிறது, ஓடுவதற்கான நல்ல ஸ்பைக்ஸ் ஷூ ஒரு ஜோடியே இரண்டாயிரத்தைத் தாண்டும். அதிலும் 2024-25இல் பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு ஒப்பந்தம் போடாத பிரச்சினையில், மத்திய அரசு இந்தச் சமக்ர சிக்ஷாவில் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய 2,152 கோடியை நிறுத்தி வைத்தது.

கீழத்தெரு:
தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பள்ளியில் பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீர் வருவதில்லை. நூறு ரூபாய் கிடைத்தால் நான் அதற்குத்தான் முதலில் கேட்பேன், ஓட்டப்பந்தயம் அப்புறம்.

விசில் வாத்தியார்:
தண்ணீர் கட்டாயம் வேண்டும், அதில் மறுபேச்சே இல்லை. அதற்காக இதை விட்டுவிட முடியாதுங்க. காலையில் பயிற்சி இருக்கிற நாளில் லீவு போடாமல் வருகிற பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். மதுரை சக்கிமங்கலத்து ரேவதி வெறுங்காலில் ஓடியவர்தான், ஒரு பயிற்சியாளர் கண்ணில் பட்டதால் டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார். பஸ் காசு இல்லாமல் குறுவட்டத்தோடு நின்றுபோன பிள்ளைகளை யார் கண்ணில் காட்டுவது? பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடம் இருக்கிறது, அரசு வேலையில் 3 சதவீதம். சான்றிதழ் இருந்தால்தானே அங்கே போய் நிற்க முடியும்.

பழைய மாணவி 96:
தருமபுரி அண்ணா, பள்ளி மேலாண்மைக் குழுவில் தலைவரே பெற்றோரில் ஒருவர்தான். அங்கே பேசி, பயணச் செலவு என்று தனியாகத் தீர்மானம் போடச் சொல்லுங்கள், வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். 2022இல் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி திட்டம் வழியாகப் பழைய மாணவர்களும் உதவலாம். மகள் மாநில அளவுக்குப் போனால் விளையாட்டு வீரர்களுக்கு உதவும் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கும் விண்ணப்பித்துப் பாருங்கள். எங்கள் செட்டில் ஆளுக்கு 200 போட்டு ஒரு வருஷத்து வேன் வாடகையைப் பார்த்துக்கொண்டோம்.

தருமபுரிக்காரன்:
ரொம்ப நன்றிம்மா. வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கிறது, நானும் என் மனைவியும் போகிறோம். டீச்சர் இதுவரை போட்ட காசையும் கணக்கெழுதி எடுத்துப் போகிறேன், அதை முதலில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கீழத்தெரு சொன்ன தண்ணீரையும் அங்கேயே கேட்கிறேன், எங்கள் பள்ளியிலும் அதே கதைதான்.