கறுப்பு அடித்தால் 10 விழுக்காடுதான் குறையுமாம்!

வயரிங் வேலு (செந்தூல்):
பூச்சோங்கைச் சேர்ந்த ஒரு தம்பி நேற்று நம் கார்க் குழுவின் இந்தப் பக்கத்தில் படம் போட்டிருந்தார். வீட்டுப் போர்ட்டிகோவிலேயே தம் மைவி காரின் பின்விளக்குகளுக்கு ஸ்ப்ரேயால் கறுப்பு அடித்துவிட்டாராம். 2000 எண் உப்புத்தாளை நனைத்து மூடியைத் தேய்ப்பது, ஓரங்களில் டேப் ஒட்டுவது, லேசாக மூன்று பூச்சு, மேலே கிளியர் கோட் என்று செய்முறையும் கொடுத்திருந்தார். அதுவரைக்கும் எனக்கு ஒன்றும் இல்லை. அவரவர் கார், அவரவர் ரசனை. கடைசி வரியைப் படித்தபோதுதான் எரிச்சல் வந்தது. "வெளிச்சம் 10 விழுக்காடுதான் குறைந்திருக்கிறது, பயப்படாமல் செய்யுங்கள்" என்று ஊருக்கே உபதேசம் செய்திருக்கிறார். கீழே பாராட்டு மழை.

தம்பி, அந்த 10 விழுக்காட்டை எதைக் கொண்டு அளந்தீர்கள்? செந்தூலில் கார் வயரிங் வேலையிலேயே என் தலை நரைத்திருக்கிறது. ஸ்ப்ரே அடித்த விளக்கு எத்தனையோ என் மேசைக்கு வந்து போயிருக்கிறது. பத்தில் நின்ற ஒன்றை இன்னும் பார்க்கவில்லை.

கறுப்பு மைவி (பூச்சோங்):
அண்ணன், வணக்கம். பெயர் சொல்லாமல் திட்டினாலும் என்னைத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். முன்னும் பின்னும் எடுத்த படங்கள் அங்கேயே இருக்கின்றன. இரண்டிலும் பிரேக் மிதித்திருக்கிறேன். கண் உள்ளவர்கள் பார்த்துக்கொள்ளலாம். பத்துக்கு மேல் குறைந்ததாக யாராவது சொல்ல முடியுமா?

வயரிங் வேலு:
நான் சொல்கிறேன். பத்துக்கு மேல் குறைந்திருக்கிறது.

பாயான் லெப்பாஸ் பொறியாளர் (பினாங்கு):
இரண்டு பேருமே ஒன்றை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். எதில் 10 விழுக்காடு? மூடி வழியாக வெளியே வரும் ஒளியிலா, கண்ணுக்குத் தோன்றும் பிரகாசத்திலா? இவை வேறு வேறு. ஒளி பாதியாகக் குறைந்தால்கூடக் கண்ணுக்குக் கொஞ்சம் மங்கியதாகத்தான் தோன்றும். படத்தை நம்பவே முடியாது. வெளிச்சம் குறைந்தால் கைப்பேசிக் கேமரா தானாகவே அதை ஈடுகட்டிவிடும். முதலில் எதை அளக்கிறோம் என்று முடிவு செய்துகொண்டு பேசினால் நல்லது.

வயரிங் வேலு:
பொறியாளர் ஐயா, பாடம் பிறகு நடத்தலாம். தம்பி இன்னும் பதில் சொல்லவில்லை. மூன்று பூச்சு அடித்தேன் என்று அவரே எழுதியிருக்கிறார். ஒரு பூச்சு 80 விழுக்காடு ஒளியை விடுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். இரண்டாவது பூச்சு அந்த 80-இல் 80-ஐத்தான் விடும், அதாவது 64. மூன்றாவதற்குப் பிறகு மிஞ்சுவது 51. பாதி வெளிச்சம் போய்விட்டது. 10 எங்கே, 49 எங்கே?

கறுப்பு மைவி:
என் பூச்சு அவ்வளவு கனமில்லை. லேசாக அடித்தேன் என்று எழுதியிருக்கிறேன், படியுங்கள்.

வயரிங் வேலு:
லேசாக! அந்த லேசுக்கு எண் கிடையாதா? 10-க்கு மட்டும் எண் இருக்கிறதா?

மோட்டார் மீனா (ரவாங்):
நான் தினமும் ஜாலான் ஈப்போ வழியாக மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவள். மாலை மழையில் ஹெல்மெட் கண்ணாடி முழுவதும் நீர்த்துளி, எதிர்வரும் விளக்குகளின் கூச்சம் வேறு. அந்த நேரத்தில் முன்னால் போகும் கார் பிரேக் பிடிக்கிறதா, வெறுமனே பின்விளக்கு எரிகிறதா என்பது எனக்கு உயிர் விஷயம். இந்த நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள். உங்கள் பத்தையும் ஐம்பதையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அழகு உங்களுக்கு, அடி எங்களுக்கு.

கறுப்பு மைவி:
சகோதரி, என் காருக்கு மேலே ஸ்பாய்லரில் மூன்றாவது பிரேக் விளக்கு இருக்கிறது. அதை நான் தொடவே இல்லை. பளிச்சென்று எரியும். பின்னால் இடைவெளி விட்டு வந்தால் எல்லாம் தெரியும்.

மோட்டார் மீனா:
அப்படியானால் குற்றம் என்னுடையதா? நல்லது.

வயரிங் வேலு:
மூன்றாவது விளக்கு பிரேக்குக்கு மட்டும்தான் தம்பி. இடது பக்கம் திரும்ப சிக்னல் போட்டால் ஸ்பாய்லர் வந்து சொல்லுமா? அந்த மஞ்சள் சிக்னலும் நீங்கள் கறுப்பு அடித்த மூடிக்குள்தானே இருக்கிறது? அதுவும் 10 விழுக்காடுதான் குறைந்ததா?

கறுப்பு மைவி:
ஆமாம். அதுவும் 10 விழுக்காடுதான்.

வயரிங் வேலு:
பாருங்கள், எந்த விளக்கைக் கேட்டாலும் பத்து!

தாமான் தமிழன் (கெப்போங்):
எதற்கு இவ்வளவு சண்டை? பின்பக்கத்துக்கு வரம்பே கிடையாது என்று 2019-இலேயே அரசாங்கம் அறிவித்துவிட்டது. செய்தியில் வந்ததே. எவ்வளவு கறுப்பு வேண்டுமானாலும் அடிக்கலாம்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:
ஐயா, அது ஜன்னல் கண்ணாடிக்கான விதி! 2019 மே மாதம் வந்தது. முன்கண்ணாடி 70 விழுக்காடு, முன்பக்கக் கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடு ஒளியை விட வேண்டும். பின்பக்கக் கண்ணாடிகளுக்கு வரம்பு இல்லை. விளக்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விளக்கைப் பற்றி 1959-ஆம் ஆண்டு வாகன அமைப்பு, பயன்பாட்டு விதிகள் பேசுகின்றன.

தாமான் தமிழன்:
பின்பக்கம் என்றால் பின்பக்கம்தானே. விளக்கு என்ன முன்பக்கமா இருக்கிறது?

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:
நான் விலகிக்கொள்கிறேன்.

வயரிங் வேலு:
விலகாதீர்கள், நீங்கள் போனால் படித்தவர் சாட்சி இல்லாமல் போய்விடும். பிரேக் விளக்குக்கு ஐ.நா. விதியில் குறைந்தபட்ச அளவு இருக்கிறதே, அதைச் சொல்லுங்கள். நான் சொன்னால் கம்பி முறுக்குகிறவன் என்பார்கள்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:
ஒழுங்குமுறை எண் 7. நேர் பின்னாலிருந்து பார்க்கையில் பிரேக் விளக்கு குறைந்தது 60 கண்டெலா (ஒளிச்செறிவின் அலகு) இருக்க வேண்டும். சாதாரணப் பின்விளக்குக்கு 4 போதும். பகல் வெயிலிலும் பிரேக் கண்ணில் பட வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவு இடைவெளி. ஆனால் இதை வைத்து வேலு அவர்கள் சொல்லும் 49-ஐ நான் ஏற்கவில்லை. ஒரு பூச்சுக்கு 80 என்பது அவருடைய ஊகம். அவரும் அளக்கவில்லை.

வயரிங் வேலு:
ஊகமா? கை அனுபவம் ஐயா.

இன்னொன்றும் கேளுங்கள். அந்த மூடிக்குள் சிவப்புப் பிரதிபலிப்பான் இருக்கிறது. கார் விளக்கில்லாமல் சாலையோரம் நின்றால் பின்னால் வருகிறவரின் ஒளியை அதுதான் திருப்பி அனுப்பும். அந்த ஒளி கறுப்பைக் கடந்து உள்ளே போய், அதே கறுப்பைக் கடந்து வெளியே வர வேண்டும். பாதியை மட்டும் விடும் பூச்சு என்றால் திரும்பி வருவது கால் பங்குதான். இருட்டுச் சாலையில் டயர் பஞ்சராகி நின்றுபாருங்கள், அப்போது தெரியும் உங்கள் பத்து.

கறுப்பு மைவி:
என் கார் பஞ்சராகி நிற்காது. ஹஸார்ட் விளக்கு இருக்கிறது. முக்கோணப் பலகையும் இருக்கிறது.

லோரி அண்ணன் (பட்டர்வொர்த்):
நெடுஞ்சாலையில் இரவில் லோரி ஓட்டுகிறேன். உயரத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிறீர்கள். 110 கிலோமீட்டர் வேகத்தில் கார்கள் என்னை முந்திக்கொண்டு வந்து குறுக்கே விழும்.  கறுப்பு விளக்குக் காரைக் கண்டு பிரேக் மிதிக்க எனக்கு அரை நொடி தாமதமானால் லோரி பல மீட்டர் முன்னே போய்விடும். சரக்கு ஏற்றிய லோரி காரைப் போல் நிற்காது.

பழைய சாகா (ஜாலான் கிளாங் லாமா):
இந்தக் காலத்துக் கார்களே விளையாட்டுப் பொம்மைகள். 1985-இல் பினாங்குப் பாலத் திறப்பில் அப்போதைய பிரதமர் மகாதீர் ஓட்டிக்கொண்டு போனாரே, சிவப்பு புரோட்டான் சாகா கார், அதற்கு யாராவது விளக்குக்குக் கறுப்பு அடித்தார்களா? சிவப்பு என்றால் சிவப்பு, மஞ்சள் என்றால் மஞ்சள்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:
ஐயா, பாலம் எங்கள் ஊர்ப் பாலம். அதில் எதற்கு சாகாவை இழுக்கிறீர்கள்?

பழைய சாகா:
பாலம் உங்கள் ஊரில் இருக்கலாம். கார் ஷா ஆலாமில் செய்தது. நாங்கள் கார் கொடுத்திராவிட்டால் பாலத்தில் எதை ஓட்டியிருப்பீர்கள், ஆட்டையா?

லோரி அண்ணன்:
கோலாலம்பூர்காரர்கள் பாலத்தில் ஓட்டுவதைப் பார்த்தால் ஆடே மேல்.

வயரிங் வேலு:
பாலத்தை விடுங்கள். தம்பி பதில் சொல்லாமல் நழுவப் பார்க்கிறார்.

கறுப்பு மைவி:
நழுவவில்லை. இப்போது வரும் புதிய கார்களைப் பாருங்கள், தொழிற்சாலையிலிருந்தே புகை நிற விளக்கோடு வருகின்றன. அவர்கள் செய்தால் வடிவமைப்பு, நான் செய்தால் குற்றமா?

வயரிங் வேலு:
அவர்கள் மூடியைக் கருமையாக்கினால் உள்ளே அதற்கேற்ற எல்.இ.டி. வைத்து, ஆய்வுக்கூடத்தில் அளந்து, சான்றிதழ் வாங்கிய பிறகுதான் சந்தைக்கு விடுகிறார்கள். நீங்கள் போர்ட்டிகோவில் அளந்தது எதை? 21 வாட் பல்புக்கு என்று செய்த மூடியின் மேல் மை பூசிவிட்டு, பல்பை அப்படியே விட்டிருக்கிறீர்கள்.

அதோடு இந்த ஊர் ஈரக்காற்றில் மாலையில் ஸ்ப்ரே அடித்தால் கிளியர் கோட்டுக்குள் வெண்படலம் பிடிக்கும். உங்கள் படத்தில் இடது விளக்கின் கீழ் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பிடித்திருக்கிறது. நாளைக்கு அதை எடுக்க தின்னர் போடுவீர்கள். பின்விளக்கு மூடி பெரும்பாலும் அக்ரிலிக். தின்னர் பட்டால் மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். பிறகு என்னைப் போன்றவனிடம்தான் புது விளக்கு கேட்டு வருவீர்கள்.

கறுப்பு மைவி:
அது வெண்படலம் இல்லை, போர்ட்டிகோ விளக்கின் பிரதிபலிப்பு. எரிச்சலின் காரணமும் இப்போது புரிகிறது. வீட்டிலேயே செய்துகொண்டால் உங்களைப் போன்ற பட்டறைகளுக்கு வருமானம் போய்விடும், அதுதானே?

வயரிங் வேலு:
எனக்கு வருமானமா! நீங்கள் கறுப்பு அடித்தால்தானே எனக்கு வேலை! அடிக்காதே என்று சொல்கிறவனுக்கு என்னப்பா லாபம்?

மோட்டார் மீனா:
இதைச் சாலைத்தடுப்பில் பிடித்தால் சம்மன்தானே? அதை யாரும் சொல்லவே இல்லையே.

கறுப்பு மைவி:
இதுவரை யாரும் பிடிக்கவில்லை. சொந்தக் காருக்கு ஆண்டுதோறும் சோதனையும் கிடையாது.

வயரிங் வேலு:
விற்கும்போது பெயர் மாற்றத்துக்கு பி5 சோதனை உண்டு தம்பி. அங்கே போய் 10 விழுக்காடுதான் என்று சொல்லிப்பாருங்கள்.

கறுப்பு மைவி:
விற்கும்போது பார்த்துக்கொள்ளலாம். பழைய விளக்கு ஜோடியாக, பழைய கார் பாகங்கள் விற்கும் அரைக்கடையில் கிடைக்கும்.

தாமான் தமிழன்:
அரைக்கடையில் என்ன விலை சொல்கிறார்கள்? எனக்கும் ஒரு ஜோடி வேண்டும்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:
ஒரே ஒரு வழி இருக்கிறது. இருட்டறையில் ஒளிமானி வைத்து, ஒரே தூரத்தில், கறுப்பு அடித்த விளக்கையும் அடிக்காத விளக்கையும் அளந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். என்னிடம் கருவி இருக்கிறது. யாராவது விளக்கைக் கழற்றிக்கொண்டு பினாங்குக்கு வந்தால் அளந்து தருகிறேன்.

கறுப்பு மைவி:
நான் எதற்கு வர வேண்டும்? எனக்குத் தெரியும் எவ்வளவு என்று. சந்தேகப்படுகிறவர் வரட்டும்.

வயரிங் வேலு:
எனக்கும் தெரியும் எவ்வளவு என்று. அளக்க வேண்டிய அவசியமே இல்லை.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:
அருமை. இருவருக்கும் தெரியும், இருவரும் அளக்கவில்லை. வேலு அவர்களே, போன ஆண்டு பாட்டரியைச் சிமெண்டுத் தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கிவிடும் என்று இதே உறுதியோடு சொன்னது நினைவிருக்கிறதா? அப்போதும் அளக்கத் தேவையில்லை என்றுதான் சொன்னீர்கள்.

வயரிங் வேலு:
வந்துவிட்டீர்களா பாட்டரிக்கு! பழைய காலத்து ரப்பர்ப் பெட்டி பாட்டரி தரையில் வைத்தால் இறங்கும். அதைத்தான் சொன்னேன்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:
ரப்பர்ப் பெட்டி என்று அன்றைக்குச் சொல்லவில்லை. பாட்டரி என்று மட்டும்தான் சொன்னீர்கள். இப்போதைய பிளாஸ்டிக் பெட்டியைச் சிமெண்டில் வைத்தாலும் பலகையில் வைத்தாலும் ஒன்றுதான்.

வயரிங் வேலு:
சொன்னேன். தேடிப் பாருங்கள்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:
தேடினேன். இல்லை.

வயரிங் வேலு:
அழித்துவிட்டீர்களோ என்னவோ. இந்தக் குழுவின் மேற்பார்வையாளர் உங்கள் ஊர்க்காரர்தானே.

லோரி அண்ணன்:
இப்போது பினாங்குக்காரர்கள் எல்லாரும் திருடர்களா? வேலு, வார்த்தையை அளந்து பேசுங்கள்.

பழைய சாகா:
ரப்பர்ப் பெட்டி பாட்டரியை நான் பார்த்திருக்கிறேன். மரப்பலகையில்தான் வைப்போம். வேலு சொல்வது சரி.

கறுப்பு மைவி:
பாட்டரி விஷயத்திலேயே இந்த நிலைமை. இவர் சொல்லும் 49-ஐ நான் நம்ப வேண்டுமாம். ஞாயிற்றுக்கிழமை என் நண்பர் காருக்கும் அடிக்கப் போகிறேன். படம் போடுகிறேன்.

வயரிங் வேலு:
போடுங்கள். பகல் வெயிலில், காரிலிருந்து நன்றாகத் தள்ளி நின்று எடுத்துப் போடுங்கள். பொறியாளர் ஐயா, நீங்களும் அந்தப் பாட்டரிப் பக்கத்தை எடுத்துப் போடுங்கள். ரப்பர்ப் பெட்டி என்று நான் எழுதியது அதில் இருக்கும்.

பாயான் லெப்பாஸ் பொறியாளர்:
போட்டாயிற்று. இல்லை.

வயரிங் வேலு:
அது முதல் பக்கம். இரண்டாம் பக்கத்தைப் போடுங்கள்.