லைவ் போகும்போது படம் நின்று நின்று வருகிறது, அவசர உதவி

தறிவீடு: அண்ணன்மார்களே, இளம்பிள்ளையில் சேலைக் கடை. யூடியூப் லைவில் காட்டித்தான் விற்கிறோம். கொஞ்ச நேரம் நன்றாகப் போகிறது, அப்புறம் படம் நின்று நின்று வருகிறது. பார்ப்பவர்கள் சேலையை முழுதாகப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். நெட் 100 எம்பிபிஎஸ். மாலை 6 மணிக்கு லைவ். என்ன செய்ய?

கோவை_கேமரா: போனா, லேப்டாப்பா? லைவ் அனுப்பும் மென்பொருள் ஓபிஎஸ்ஸா?

முருகு_எடிட்ஸ்: இது சூட்டுப் பிரச்சினை. கொஞ்ச நேரம் கழித்து வருகிறது என்றாலே அதுதான். ஒரு ஃபேனைத் திருப்பி வையுங்கள்.

பழைய_கை: இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதியாயிற்று, யாரும் தேடிப் படிப்பதில்லை. நீங்கள் சொல்லும் 100 டவுன்லோடு. லைவுக்கு வேண்டியது அப்லோடு. அது எவ்வளவு, வைஃபையா கேபிளா, பிட்ரேட், அதாவது நொடிக்கு அனுப்பும் டேட்டா, எவ்வளவு? இது தெரியாமல் சொல்வதெல்லாம் ஜோசியம்.

தறிவீடு: லேப்டாப், ஓபிஎஸ், வைஃபை. 1080பி, பிட்ரேட் 9000 கேபிபிஎஸ். ஓபிஎஸ்ஸில் கீழே சிவப்பாக வருகிறது.

பழைய_கை: ஓபிஎஸ்ஸில் ஸ்டாட்ஸைத் திறந்து பாருங்கள். நெட்வொர்க்கில் டிராப் ஆன, அதாவது அனுப்ப முடியாமல் விட்ட, ஃபிரேம் ஏறினால் லைனில் கோளாறு. என்கோடிங் லேக், அதாவது படத்தைச் சுருக்குவதில் தாமதம், ஏறினால் லேப்டாப் திணறுகிறது. சூடு என்றால் இரண்டாவதுதான் ஏறும், முருகு.

தறிவீடு: நெட்வொர்க்தான் ஏறுகிறது. மற்றது 0.

கோவை_கேமரா: அதே வைஃபையில் வேறு யார் இருக்கிறார்கள் தம்பி?

தறிவீடு: கடைப் பையன்கள். லைவில் காட்டிய சேலைகளை உடனுக்குடன் வாட்ஸப் குரூப்பில் போட்டோவும் வீடியோவுமாக ஏற்றுவார்கள். ஏன்?

கோவை_கேமரா: அதுவும் அப்லோடுதானே! லைவ் முடியும்வரை அவர்கள் சொந்த டேட்டாவில் ஏற்றட்டும். ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு லேன் கேபிள் போடுங்கள்.

பழைய_கை: 720பி, 30 ஃபிரேமுக்கு மாறுங்கள். அதற்கு யூடியூபே சொல்வது 4000 கேபிபிஎஸ்தான். கீஃபிரேம், அதாவது முழுப் படமாகப் போகும் ஃபிரேம், 2 நொடிக்கு ஒன்று.

ஜரிகை_ஜன்னல்: 720பி-யில் ஜரிகை தெரியாது சார். நானும் சேலைதான் விற்கிறேன். முந்தானை வேலைப்பாட்டைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

பழைய_கை: நின்றுபோன 1080பி-யில் எந்த ஜரிகை தெரியும்? வேலைப்பாடு காட்டக் கேமராவுக்குப் பக்கத்தில் பிடியுங்கள்.

ஜரிகை_ஜன்னல்: பக்கத்தில் பிடித்தால் நிறம் மாறுகிறதே. அரக்குச் சேலை திரை முழுக்க வந்ததும் பின்னால் எல்லாம் நீலம் தட்டுகிறது. நிறம் வேறு என்று திரும்பி வரும் சேலைக்குக் கூரியர் செலவு யார் தலையில்?

கோவை_கேமரா: அது ஆட்டோ ஒயிட் பேலன்ஸ், கேமரா தானாக நிறத்தைச் சரிக்கட்டுவது. ஒரு வெள்ளைத் துணியைக் காட்டி அமைத்து லாக் செய்யுங்கள். ட்யூப் லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் கலக்கவே கூடாது.

முருகு_எடிட்ஸ்: லேட்டன்சியையும், அதாவது பார்ப்பவருக்குப் படம் போய்ச்சேரும் தாமதத்தையும், யூடியூபில் அல்ட்ரா லோவில் வையுங்கள். "எனக்கு அந்தப் பச்சை" என்று கமெண்ட் வரும்போது நீங்கள் மூன்றாவது சேலையில் இருப்பீர்கள்.

பழைய_கை: வேண்டாம். அதில் பார்ப்பவர் பக்கம் சேர்த்து வைக்கும் நொடிகள் குறையும், இன்னும் அதிகமாகச் சுற்றும். லைன் சரியாகும்வரை நார்மலிலேயே இருக்கட்டும். சேலைக்கு எண் ஒட்டிக் காட்டினால் கமெண்ட் தாமதமாக வந்தாலும் குழப்பம் இல்லை.

தறிவீடு: கேபிள் போட்டாயிற்று. 720பி, 4000. இப்போது பச்சையாக இருக்கிறது. லைவ் தொடங்குகிறோம், நன்றி அண்ணா.

பழைய_கை: அப்லோடு எவ்வளவு என்று இன்னும் சொல்லவில்லை. அரை மணி தாண்டியதும் ஸ்டாட்ஸைப் பார்த்து இங்கே போடுங்கள்.

ஜரிகை_ஜன்னல்: கேமரா அண்ணா, வெப்கேமிலும் ஒயிட் பேலன்ஸ் லாக் ஆகுமா?