அஜைல்: விரைவா, லாவகமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். மென்பொருள் உருவாக்கும் முறைகளான அஜைலுக்கும் வாட்டர்ஃபாலுக்கும் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு வருகிறேன். வேலையைச் சிறுசிறு பகுதியாகச் செய்து, பயனரிடம் காட்டித் திருத்திக்கொண்டே போவது அஜைல்; ஒரு கட்டத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது வாட்டர்ஃபால். அஜைலுக்கு இதுவரை வந்தவை விரைவு முறை, சுறுசுறுப்பு முறை, நெகிழ்வு முறை, தகவெளிமை. வாட்டர்ஃபாலுக்கு நீர்வீழ்ச்சி, அருவி. எளிதானதை முதலில் முடித்துவிடுகிறேன்.

> நீர்வீழ்ச்சி என்றே வைக்கலாம், எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் அருவி என்று நல்ல சொல் கையில் இருக்கும்போது, நீரையும் வீழ்ச்சியையும் ஒட்டவைத்த சொல் எதற்கு? என் வாக்கு அருவி முறைக்கு. ஒரு வேடிக்கையும் உண்டு. தேவை, வடிவமைப்பு, நிரலாக்கம், சோதனை என்று பெட்டிகள் படிப்படியாக இறங்கும் அந்தப் படம் 1970இல் வின்ஸ்டன் ராய்ஸ் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. அருவி என்ற பெயர் அதில் கிடையாது. 1976இல் பெல், தேயர் என்ற இருவர் எழுதிய கட்டுரையில்தான் அது வருகிறது. போதாததற்கு, இந்தப் படத்தை அப்படியே பின்பற்றினால் ஆபத்து, தோல்வியில் கொண்டுபோய் விடும் என்று ராய்ஸே எழுதியிருக்கிறார். படித்தவர்கள் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பொதுப்பெயர் வேண்டுமென்றால் வரிசை முறை என்று சொல்லலாம். அருவி அதில் ஒரு வகை.

சரி, அஜைல்.

> விரைவு முறைதான் பொருத்தம். சீக்கிரம் முடிப்பதற்குத்தானே இந்த முறையே வந்தது?

இதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை. நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தைச் சொல்கிறேன். விடுப்பு விண்ணப்பச் செயலி. தேவை ஆவணத்தில் கையெழுத்தாகி ஏழு மாதம் கழித்துப் பயனர் சோதனை. முதல் நாளே ஒரு அம்மா திரையைப் பார்த்துவிட்டு, "அரை நாள் விடுப்பு எங்கே போடுவது?" என்று கேட்டார். தரவுத்தளத்தில் விடுப்பு நாள் என்ற புலத்தை முழு எண்ணாக வைத்திருந்தோம். ஆவணத்தில் யாரும் அரை நாளைப் பற்றி எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அப்புறம் அட்டவணை, படிவம், ஒப்புதல் விதி, மாத அறிக்கை, சோதனைகள் என்று எல்லாவற்றையும் பிரித்து மாட்ட மூன்று வாரம் ஆனது. இரண்டாவது வாரத்திலேயே ஒரு அரைகுறைத் திரையை அவரிடம் காட்டியிருந்தால் ஒரு மதியத்தில் முடிந்திருக்கும். எங்கள் வேகத்தில் ஒரு குறையும் இல்லை, ஏழு மாதமும் மளமளவென்றுதான் எழுதினோம். திரும்ப வேண்டிய இடம் தெரியாமல் போனதுதான் கோளாறு.

ஆக, அஜைலின் உயிர் வேண்டிய நேரத்தில் திசை திரும்புவதில் இருக்கிறது. தேவை கடைசிவரை மாறாது என்று உறுதியாகத் தெரிந்த இடத்தில் வரிசை முறையே போதும், அதில் சண்டை இல்லை. இன்னொன்று, விரைவை ரேபிட் என்ற சொல்லுக்கு விட்டுவைக்க வேண்டும். ரேபிட் அப்ளிகேஷன் டெவலப்மென்ட் என்று இன்னொரு மென்பொருள் முறை உண்டு; 1991இல் ஜேம்ஸ் மார்ட்டின் அதைப் பற்றி எழுதிய நூலின் பெயரும் அதுவே. இரண்டுக்கும் விரைவு என்று வைத்தால் நாளைக்கு நாமே குழம்புவோம்.

நெகிழ்வு பரவாயில்லை. ஆனால் ஃப்ளெக்சிபிளுக்கு அது ஏற்கெனவே போய்விட்டது. தகவெளிமையைச் சிலர் எழுதிவருகிறார்கள், புழக்கத்துக்கு மரியாதை உண்டு. ஆனால் முதன்முறை கேட்பவருக்குத் தகவு, எளிமை என்று பிரித்து விளக்க வேண்டியிருக்கிறது. நெளிவுசுளிவு என்றுகூட யோசித்தேன்! பொருள் அவ்வளவு அழகாக உட்காருகிறது, ஆனால் யாரையோ ஏமாற்றப் போகிற மாதிரி இருக்கிறது.

என் முன்மொழிவு லாவகம். நெரிசலுக்குள் சைக்கிளை லாவகமாக ஓட்டுகிறவர் வேகமாகப் போகிறார் என்று நாம் நினைப்பதில்லை. கால் ஊன்றாமல் வளைகிறார் என்றுதான் நினைக்கிறோம். அந்தச் சொல்லின் வேர் லகு, அதாவது கனமில்லாதது. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற இடத்தில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கை எழுதும்வரை, இந்த முறைகளுக்கு 'எடை குறைந்தவை' (லைட்வெயிட்) என்றுதான் பெயர். அவர்களில் ஒருவரான அலிஸ்டர் கோபர்னுக்கு அது உறுத்தியிருக்கிறது. முறை எடை குறைந்ததாக இருக்கட்டும், என்னை எடை குறைந்த ஆள், அதாவது சொத்தை ஆள், என்று சொல்லிவிடப் போகிறார்களே என்று. அவர்கள் கைவிட்ட பெயரும் எடுத்துக்கொண்ட பெயரும் நம் சொல் ஒன்றிலேயே சேர்ந்து இருக்கின்றன.

வடசொல் என்று எதிர்ப்பு வரும், தெரியும். லகரம் சொல்லுக்கு முதலில் வராது என்பவர்கள் இலாவகம் என்று எழுதட்டும். எனக்கு அதைவிடப் பெரிய தடை வேறு. லாவகம் ஒரு ஆளின் கையையும் உடம்பையும் பற்றிப் பேசும் சொல். ஒரு குழுவுக்கு அது ஒட்டுமா? எழுதிப் பார்த்தேன்:

"இந்தத் திட்டத்தை லாவக முறையில் செய்கிறோம்." நிற்கிறது.
"ஆவணம் கூடிக்கூடி நம் லாவகம் போய்விட்டது." இது இன்னும் நன்றாக நிற்கிறது.
"லாவகக் குழு." இது சர்க்கஸ் குழு மாதிரி ஒலிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 'லாவக முறைக் குழு' என்று நீட்ட வேண்டும்.

தகவெளிமைக்காரர்கள் இதே மூன்று வாக்கியங்களைத் தங்கள் சொல்லில் எழுதிப் போடுங்கள், பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஸ்பிரிண்ட் என்னும் குறுகிய வேலைச் சுற்றுக்குக் குறுவோட்டம், பேக்லாக் என்னும் மிச்ச வேலைகளின் வரிசைக்கு நிலுவைப் பட்டியல், இரண்டிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. அஜைலில் ஒரு வகையான ஸ்க்ரம்மை இங்கே இழுக்க வேண்டாம், அது ரக்பி ஆட்டத்திலிருந்து வந்த பெயர். ரக்பியில் தலையை முட்டிக்கொண்டு நிற்பவர்களுக்குத் தமிழில் பெயர் வைக்கத் தனி இழை வேண்டும்.

அன்புடன்