மாரி வேளாண்மைக்கு இறங்க முன் டொக்சிசைக்கிளின்: பட்டியில் பசுவுக்குக் கரு கலைந்திருந்தால் என்ன செய்வது?

வட்டைக்காரன் (படுவான்கரை)

முதல் மழையோட உழவு தொடங்கப் போகுது. எங்கட வட்டையில் (வயல்வெளியில்) எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க டொக்சிசைக்கிளின் குளிசை கொடுக்க பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பெயர் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கமக்காரர் அமைப்பில் ஆளுக்கொரு கதை. ஒரு குளிசை போதும் என்கிறார் ஒருவர், தினமும் போட வேணும் என்கிறார் இன்னொருவர். சரியான அளவு என்ன, யார் போடக்கூடாது?

இரண்டாவது விசயம். வாடிக்குப் பக்கத்துப் பட்டியில் இரண்டு பசுவுக்கு ஏழாம் மாதமளவில் கரு கலைந்துவிட்டது. ஒன்றுக்கு நஞ்சுக்கொடியும் விழவில்லை. பட்டியைக் கழுவுகிற தண்ணி எங்கட வாய்க்காலில்தான் சேருது. இதுவும் எலிக்காய்ச்சல்தானா? எலிதான் காரணம் என்றால் மாட்டுக்கு எப்படி வந்தது? அந்தப் பட்டிப் பால்தான் நாலு வீட்டுக்குப் போகுது.

சேற்றுக்குள் சப்பாத்துப் போட்டு நடக்க ஏலாது என்பதையும் மனசில் வைத்துச் சொல்லுங்கள்.

குளிசைப்பெட்டி

தடுப்புக்கான அளவு 200 மி.கி., கிழமைக்கு ஒரு தடவை. இங்கே கிடைப்பது பெரும்பாலும் 100 மி.கி., அதனால் இரண்டையும் ஒரே நேரத்தில் போட வேணும். ஒருவர் ஒன்றை மட்டும் போட்டு மற்றதை வீட்டுக்காரிக்குக் கொடுத்தால் இரண்டு பேருக்குமே பிரயோசனம் இல்லை. வயலில் இறங்க ஓரிரு நாளுக்கு முன்பே தொடங்கி, சேற்றில் வேலை முடியும் வரை அதே கிழமை நாளில் தொடருங்கள். ஞாயிறு என்றால் ஞாயிறுதான். பீ.எச்.ஐ. வேறு நாள் கணக்குச் சொன்னால் அதைப் பின்பற்றுங்கள்.

வயிறு நிறையச் சோறு சாப்பிட்டு, ஒரு பெரிய கிளாஸ் தண்ணியோட விழுங்க வேணும். போட்டவுடன் சாய்ந்து படுக்கக்கூடாது, குறைந்தது அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்க வேணும். உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகிவிடும், பிறகு தண்ணி குடிக்கவே நோகும். இரவு படுக்கப் போகும்போது ஒரு மிடறு தண்ணியோட போடுகிறவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. பால், தயிர், இரும்புச்சத்துக் குளிசை, நெஞ்செரிவுக்குக் குடிக்கிற வெள்ளைப் பாணி எல்லாம் மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும், இரண்டு மூன்று மணி நேரம் தள்ளி எடுங்கள். வெயிலில் தோல் எரிகிறது என்றால் அதுவும் இந்த மருந்தின் குணம்தான். நீளக் கைச் சட்டை போடுங்கள்.

கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் இது இல்லை. பாலூட்டும் தாய், ஈரல் வருத்தம் உள்ளவர், இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போடுபவர், வலிப்புக்கு மருந்து எடுப்பவர் ஆகியோர் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் கதைத்துவிட்டுத்தான் தொடங்க வேணும்.

சம்மாந்துறை_நெல்

நானா, இவ்வளவு பயப்படத் தேவையில்லை. குளிசை போட்டவருக்குக் காய்ச்சல் வராது. போட்டுவிட்டு இறங்கினால் சரி.

வார்டு_ஏழு

மேலே சொன்னது ஆபத்தான நம்பிக்கை. இந்த மருந்துக்கு இரண்டு பெரிய பரிசோதனைகளை அடிக்கடி காட்டுவார்கள், இரண்டும் ஒன்றையே சொல்லவில்லை. 1984இல் வெளியானது பனாமாக் காட்டில் பயிற்சி எடுத்த 940 அமெரிக்கச் சிப்பாய்கள் பற்றியது. வெற்றுக் குளிசை போட்டவர்களில் 20 பேருக்கு நோய் வந்தது, டொக்சிசைக்கிளின் போட்டவர்களில் ஒருவருக்கு மட்டும். 95 வீதப் பாதுகாப்பு என்கிற கதை அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அவர்கள் காட்டில் இருந்ததே மூன்று கிழமை.

2000இல் வெளியான அந்தமான் ஆய்வுதான் எங்கட நிலைமைக்குக் கிட்டியது. 782 பேர், மழைக்காலம், 12 கிழமை, அதே 200 மி.கி. கிருமி தொற்றியவர்களின் அளவு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நோயாக வெளிப்பட்டது மட்டும் 6.8 வீதத்திலிருந்து 3.1 வீதமாக இறங்கியது. பாதியாகக் குறையும், பூச்சியமாகாது.

ஆகவே குளிசை போட்டிருந்தாலும் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான். தடுப்பு அளவால் சிகிச்சை நடக்காது. சிகிச்சை என்றால் 100 மி.கி. காலையும் மாலையும் ஏழு நாள், அதுவும் இலேசான நோய்க்கு, வைத்தியர் பார்த்த பிறகு. கடுமையானால் நரம்பு வழி பெனிசிலின் அல்லது செஃப்ட்ரையாக்சோன்.

மாரியில் எங்கட பக்கம் டெங்குவும் சேர்ந்து வருவதால் இரண்டும் குழம்பும். இரத்தத் தட்டு (பிளேட்லெட்) இரண்டிலும் இறங்கும். டெங்குவில் வெள்ளணு குறையும், எலிக்காய்ச்சலில் நியூட்ரோஃபில் என்கிற வெள்ளணு வகை ஏறும், உடம்பில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி.யும் ஏறும். கெண்டைக்கால் தசையைப் பிடித்தால் துள்ளுவார், பீளை இல்லாமல் கண் சிவந்திருக்கும். இந்த இரண்டும் இல்லாமலும் நோய் இருக்கலாம், ஆகவே இல்லை என்று கண்டு அடங்கிவிடாதீர்கள். சலம் (சிறுநீர்) குறைவதுதான் என்னைப் பொறுத்தவரை முதல் எச்சரிக்கை. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மி.லீ.யாவது போக வேணும். ஆறு மணி நேரத்தில் ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவுகூடப் போகவில்லை என்றால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். இருமலில் இரத்தம், மூச்சு வாங்குதல், கண் மஞ்சள் எதுவானாலும் அப்படித்தான். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்தையும் அடிக்கும், டெங்கு என்றால் இரத்தக் கசிவையும் கூட்டும்.

வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டியது: "வயலில் இறங்கினேன், இன்ன திகதியில்." கிருமி உள்ளே போய்க் காய்ச்சல் வர பெரும்பாலும் ஒன்று இரண்டு கிழமை ஆகும், சிலருக்கு ஒரு மாதம் வரை போகும். முதல் சில நாளில் இரத்தத்தில் கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். பார்க்கலாம். உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம் சோதனை ஐந்து ஆறு நாள் கழிந்த பிறகுதான் காட்டத் தொடங்கும், மூன்றாம் நாளில் 'நெகட்டிவ்' என்று துண்டு வந்தால் அதை நம்பி வீட்டுக்குப் போகாதீர்கள். எதிர்ப்புப் பொருளின் அளவைப் பார்க்கும் எம்.ஏ.டி. சோதனைக்கு இரண்டு கிழமை இடைவெளியில் இரண்டு இரத்தம் வேணும். நான்கு மடங்கு ஏற்றம் இருந்தால் உறுதி. அதுவரை சிகிச்சையை யாரும் தள்ளிப்போடுவதில்லை.

பட்டி_வைத்தியம்

மாட்டுப் பக்கம் நான் சொல்கிறேன். ஏழாம் மாதத்தில் கரு கலைந்து நஞ்சுக்கொடியும் தங்கியிருந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது புரூசெல்லா, மாட்டில் கரு கலைக்கும் இன்னொரு கிருமி. எலிக்காய்ச்சல் கிருமி அடுத்தது. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல முடியாது.

மாட்டுக்கு எலி தேவையில்லை. எலிக்காய்ச்சலைத் தரும் லெப்டோஸ்பைரா என்பது ஒரு கிருமி அல்ல, ஒரு பெரிய குடும்பம். 2019இல் செய்த மரபணு வகைப்படுத்தலில் மொத்தம் 64 இனங்கள் கணக்கில் வந்தன. எலியின் சிறுநீரகத்தில் குடியிருப்பது பெரும்பாலும் இன்டரோகன்ஸ் வகை. மாட்டில் நிலைத்திருப்பது ஹார்ட்ஜோ என்கிற வகை, அதில் முக்கியமானது போர்க்பீட்டர்செனி இனம். இதன் மரபணுவைப் படித்தவர்கள் கண்டது, வெளித் தண்ணியில் தாக்குப்பிடிக்கும் மரபணுக்களை இது இழந்துவிட்டது என்பது. அதனால் வாய்க்காலில் நெடுநாள் நிற்காது. சலத்திலிருந்து நேரடியாகக் கண்ணுக்கோ புண்ணுக்கோ போக வேணும். உங்கட வாய்க்கால் தண்ணிக்குப் பயப்படுவதைவிட, பால் கறப்பவரும் பட்டி கூட்டுபவரும்தான் கவனிக்க வேண்டியவர்கள். வாய்க்காலில் எலி வகை எப்படியும் இருக்கும், அது வேறு கணக்கு.

பிரேசில் ஆய்வாளர்கள் சில வருடங்களாக இன்னொன்றை வலியுறுத்துகிறார்கள்: இந்தக் கிருமி சிறுநீரகத்தில் மட்டுமல்ல, பசுவின் கருப்பையிலும் யோனிக் கசிவிலும் தங்குகிறது. சலத்தில் 'இல்லை' என்று வந்த மாட்டிலும் அங்கே இருக்கலாம். சினை பிடிக்காமல் திரும்பத் திரும்பக் காளை தேடும் பசுக்களில் இதை நினைக்க வேணும்.

செய்ய வேண்டியது. இரண்டு பசுவையும் கசிவு நிற்கும் வரை தனியே கட்டுங்கள். தங்கிய நஞ்சுக்கொடியை வெறுங்கையால் இழுக்காதீர்கள், புரூசெல்லா மனிதனுக்குப் போகும் முக்கிய வழிகளில் அது ஒன்று. இழுத்தால் கருப்பையும் கிழியும். இனி இப்படி விழுந்தால் தோள்வரை நீண்ட கையுறையோட எடுத்து, கருவையும் நஞ்சுக்கொடியையும் இரட்டைப் பொலித்தீனில் கட்டி ஐஸ் பெட்டியில் வைத்துக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவியுங்கள். உறைய விடக்கூடாது, ஃபோர்மலினிலும் போடக்கூடாது, இரண்டிலும் எலிக்காய்ச்சல் கிருமி செத்துவிடும். கன்னொறுவையில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்துக்கு அவர்கள் ஊடாக அனுப்பலாம். மாதிரி எடுத்த மிச்சத்தை இடுப்பளவு குழியில் சுண்ணாம்பு தூவிப் புதைத்து, நாய் தோண்டாமல் மேலே முள் போடுங்கள்.

இரண்டு பசுவின் இரத்தமும் கொடுங்கள். புரூசெல்லாவுக்கு ரோஸ் பெங்கால் சோதனை. லெப்டோவில் ஒரு கண்ணி இருக்கிறது: ஹார்ட்ஜோவால் கரு கலைந்த பசுவின் இரத்தத்தில் அந்த நேரம் எதிர்ப்புப் பொருளின் அளவு குறைந்தோ இல்லாமலோ போயிருக்கலாம். ஒரு மாட்டின் ஒரு முடிவை வைத்துக்கொண்டு 'இல்லை' என்று எழுத முடியாது, பட்டியில் பத்து மாட்டையாவது பார்க்க வேணும். உறுதியானால் நீண்ட நேரம் வேலை செய்யும் ஒக்சிடெட்ராசைக்கிளின், கிலோவுக்கு 20 மி.கி., ஒரே ஊசி. சலத்தில் கிருமி போவதை இது நிறுத்துவதாக ஆய்வில் கண்டிருக்கிறார்கள். எடை பார்த்து மிருக வைத்தியர்தான் போட வேணும். லேபலில் உள்ள நாள் வரை பாலைக் குடிக்கக் கொடுக்கவும் கூடாது, விற்கவும் கூடாது.

தரையைக் கழுவ பிளீச்சிங் பவுடர் லீட்டருக்கு 33 கிராம். சாணத்தை முதலில் வழித்து எடுக்காமல் ஊற்றினால் குளோரின் சாணத்தோடயே முடிந்துவிடும். கழுவிய தண்ணியை வாய்க்காலுக்கு விடாமல் வெயில் படும் குழிக்குத் திருப்புங்கள். எலிக்காய்ச்சல் கிருமிக்குக் காய்வதுதான் எமன்.

வட்டைக்காரன் (படுவான்கரை)

நன்றி. பாலும் சப்பாத்தும் மட்டும் மிச்சம். குளிசை போட்டால் புரூசெல்லாவுக்கும் சேர்த்துக் காப்பாகுமா?

பட்டி_வைத்தியம்

ஆகாது. புரூசெல்லாவுக்கு மனிதனுக்குக் கொடுப்பது டொக்சிசைக்கிளினோட இன்னொரு மருந்தும் சேர்த்து ஆறு கிழமை, தினமும். கிழமைக்கு ஒரு தடவை போடுவதால் அது தடுபடாது. பாலைப் பொங்கிக் கொதிக்க வைத்துவிட்டால் இரண்டு கிருமியும் போய்விடும். தயிருக்குக் காய்ச்சுகிற பாலும் அப்படித்தான். பச்சைப் பாலைக் கன்றுக்குட்டியோட பங்கு போடுகிற பழக்கத்தை மட்டும் இப்போதைக்கு விடச் சொல்லுங்கள். கறப்பவர் மாலைக்காய்ச்சல், மூட்டு நோவு, வேர்வை என்று சொன்னால் பட்டியில் கரு கலைந்ததையும் வைத்தியரிடம் சொல்ல வேணும்.

குளிசைப்பெட்டி

சப்பாத்து உழவு இயந்திரக்காரருக்கும் மருந்தடிப்பவருக்கும் சரி. சேறு மிதிப்பவருக்கு ஏலாது. காலில் வெட்டு, சேற்றுப்புண் இருந்தால் தண்ணி புகாத பிளாஸ்டர் ஒட்டி, விரலிடுக்கில் வசலின் தடித்துப் பூசி இறங்கட்டும். பெரிய வெட்டு என்றால் ஆறும் வரை வரம்பு வேலை. வாய்க்கால் தண்ணியில் முகம் கழுவி வாய் கொப்பளிப்பதை நிறுத்த வேணும், கண்ணும் வாயும் காலைவிட இலகுவான வாசல். கரையேறியதும் போத்தல் தண்ணியும் சவுக்காரமும் வாடியிலேயே இருக்கட்டும்.