ஸ்பிரிங் டிரைவ் வாட்ச்: திங்கள் காலையில் 3 மணி நேரம் ஸ்லோ, மதியம் தேதி மாறுகிறது. ரிப்பேரா?

நீலமுள்:
கிராண்ட் சீகோ எஸ்பிஜிஏ211 (ஸ்னோஃப்ளேக்), உள்ளே 9ஆர்65 என்ற ஸ்பிரிங் டிரைவ் இயந்திரம். பழையதாக வாங்கியது, முந்தைய சர்வீஸ் விவரம் கிடையாது. பிரச்சினைகள் இவை:

திங்கள் முதல் வெள்ளி வரை காலை 9 முதல் மாலை 6 வரை கட்டுகிறேன், மேசை வேலைதான். வெள்ளி மாலை பவர் ரிசர்வ் முள் (மீதிச் சாவியைக் காட்டுவது) மூன்றில் இரண்டு பங்கில் நிற்கும், அதற்கு மேல் ஏறாது. சனி, ஞாயிறு கட்டுவதில்லை. திங்கள் காலை 9 மணிக்குக் கையில் எடுத்தால் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் 6 என்று காட்டுகிறது. முள்ளை 3 மணி நேரம் நகர்த்தி, தேதியையும் ஒன்று கூட்டி வைத்தால், அன்று மதியம் 12 மணிக்கே தேதி மறுபடி மாறிவிடுகிறது. இது தவிர, ஒரு வார நாளில் காலையில் பார்த்தபோது 4 நிமிடம் பின்தங்கியிருந்தது. பக்கத்துக் கடையில் "காந்தம் ஏறியிருக்கு, டீமேக்னெடைஸ் பண்ணி ஆயில் போட்டுடலாம்" என்கிறார்கள். கொடுக்கலாமா?

எட்டுச்சுற்று:
கொடுக்க வேண்டாம் சார். உங்கள் திங்கள் காலைக் கணக்கு சரியாகவே வருகிறது.

முழுச் சாவிக்கு 72 மணி நேரம் ஓடும். மூன்றில் இரண்டு பங்கு என்றால் 48. வெள்ளி மாலை 6-லிருந்து எண்ணினால் ஞாயிறு மாலை 6-க்கு நின்றுவிடும். திங்கள் காலை நீங்கள் எடுக்கும் அசைவில் ரோட்டர் (கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடை) சுற்றி, நின்ற வாட்ச் மறுபடி ஓடத் தொடங்குகிறது. ஆக அது 3 மணி நேரம் ஸ்லோ இல்லை, 15 மணி நேரம் நின்று கிடந்திருக்கிறது. வாட்ச் கணக்கில் அது ஞாயிறு மாலை 6. மூன்று மணி நேரம் தள்ளியதும் இரவு 9 ஆகிவிட்டது. அடுத்த மூன்று மணி நேரத்தில் அதற்கு நள்ளிரவு, தேதியை மாற்றுகிறது. பல்சக்கரத்தில் ஒரு கோளாறும் இல்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். இதில் பேட்டரி, மோட்டார் எதுவும் கிடையாது. சாவி கொடுத்தால் இறுகும் சுருள்வில்தான் ஓட்டுகிறது. கடைசிச் சக்கரம் நொடிக்கு 8 சுற்று சுற்ற வேண்டும். 32,768 ஹெர்ட்ஸ் குவார்ட்ஸோடு ஒப்பிட்டு, வேகம் கூடினால் ஐசி (மின்னணுச் சில்லு) மின்காந்த பிரேக் போடும். பிரேக் மட்டும்தான், தள்ளிவிடும் வேலை அதற்குத் தெரியாது. அதனால் செகண்ட் முள் பாய்ந்து ஓடினால் பிரேக் பக்கம் கோளாறு, தளர்ந்து நின்றால் விசை போதவில்லை. உங்களுடையது இரண்டாவது வகை.

கைச்சாவி:
மேலே சொன்னதோடு, சர்வீஸ் விவரம் இல்லாத வாட்ச் என்பதால் வில்லையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள்.

கிரவுன் (பக்கவாட்டுச் சாவிக் குமிழ்) திருகி மூடும் வகை. இடப்பக்கம் திருப்பிப் பூட்டைக் கழற்றுங்கள், வெளியே இழுக்காமல் அதே நிலையில் வலப்பக்கமாகச் சாவி கொடுங்கள். 5 சுற்றுக்குச் சுமார் 10 மணி நேரம் ஏறும். காலியான வாட்சுக்கு 36 சுற்று அளவில் ரிசர்வ் முள் உச்சிக்குப் போகவேண்டும். நிறைந்த பிறகும் கிரவுன் சுழலும், வில் அறுந்துவிடாது. அதற்காகச் சும்மா திருகிக்கொண்டே இருக்க வேண்டாம். முடிந்ததும் உள்ளே அழுத்தியபடி திருகிப் பூட்டுங்கள். பூட்டாமல் விட்டால் 100 மீட்டர் நீர்த்தடுப்பை நம்ப முடியாது.

பிறகு டயல் மேலே பார்க்க, அசைக்காமல் வையுங்கள். 24 மணி நேரத்தில் முள் மூன்றில் ஒரு பங்கு இறங்கும். 72 மணி நேரத்தை ஒட்டி ஓடினால் வில், எண்ணெய் பற்றிக் கவலையில்லை. 50-லேயே நின்றால் ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துச் சுத்தம் செய்யும்) நேரம்.

அடுத்தது ரோட்டர். பாதிச் சாவியில் கட்டி, ஒரு நாள் நன்றாக நடமாடிப் பாருங்கள். மாலையில் முள் ஏறியிருக்க வேண்டும். இதில் மேஜிக் லீவர் இருப்பதால் ரோட்டர் எந்தப் பக்கம் சுற்றினாலும் சாவி ஏறும். நாளுக்கு 12 மணி நேரம் கட்டினாலே முழுதாக நிறைய 3 முதல் 5 நாள் ஆகும். கீபோர்டு முன்னால் 9 மணி நேரம் என்றால் மூன்றில் இரண்டு பங்கு வந்ததே நல்ல கணக்குத்தான்.

அந்த 4 நிமிடம் தனி வழக்கு. இரவில் எங்கே வைக்கிறீர்கள்?

நீலமுள்:
சோதித்தேன். 72 மணி நேரம் தாண்டித்தான் நின்றது. நடந்த நாளில் முள்ளும் ஏறியது. இரவில் மேசையில், பெரும்பாலும் டேப்லெட் மேல்.

கைச்சாவி:
டேப்லெட் கவரை மூடும் இடத்தில் காந்தம் இருக்கும். இந்த வாட்சின் காந்தத் தாங்குதிறன் மீட்டருக்கு 4,800 ஆம்பியர், அதாவது காந்தப் பொருளிலிருந்து 5 செ.மீ. தள்ளியிருந்தால் போதும். ஒட்டி வைத்தால் வேகம் மாறலாம், நின்றும் போகலாம். எடுத்ததும் பழையபடி ஓடும், இழந்த நிமிடத்தை மட்டும் நாம் சரிசெய்ய வேண்டும். ஸ்பீக்கர், பையின் காந்தப் பித்தான், காந்தம் வைத்த போன் சார்ஜர் எல்லாம் இதே ரகம்தான்.

எட்டுச்சுற்று:
கடைக்காரரின் டீமேக்னெடைசர் இதற்கு ஏன் ஆகாது என்றால், பிரேக் பிடிக்கும் அந்தச் சக்கரத்திலேயே நிரந்தரக் காந்தம் இருக்கிறது. அதைப் பலவீனப்படுத்தினால் பிரேக்கே கெட்டுவிடும். மெக்கானிக்கல் வாட்சில் ஹேர்ஸ்பிரிங் (வேகத்தை அளக்கும் மெல்லிய சுருள்) காந்தமேறி வேகமாக ஓடும், அங்கே அந்த வைத்தியம் சரி. இதில் ஹேர்ஸ்பிரிங்கே கிடையாது.

வெள்ளி மாலை கழற்றும்போது 12 சுற்றுச் சாவி கொடுங்கள். திங்கள் மாலை வரை தாங்கும்.

தேதியைச் சரிசெய்ய: நின்ற வாட்ச் என்றால் முதலில் சாவி கொடுத்து அரை நிமிடம் ஓடவிடுங்கள். கிரவுனை இரண்டாவது கிளிக்குக்கு இழுத்து, தேதி மாறும் வரை முள்ளை முன்னே நகர்த்துங்கள். அதுதான் நள்ளிரவு. அங்கிருந்து காலையா மாலையா என்று பார்த்து நேரம் வையுங்கள். நிமிட முள்ளை 4, 5 நிமிடம் பின்னுக்குக் கொண்டுபோய் மறுபடி முன்னே வந்து நிறுத்தினால் பற்களின் இடைவெளி அடைபடும். முதல் கிளிக்கில் தேதியைத் தட்டுவதை, வாட்ச் கணக்கில் இரவு 11 முதல் 1 வரை செய்யாதீர்கள்.

பிறகு போன் நேரத்தோடு ஒரு வாரம் ஒப்பிடுங்கள். மாதத்துக்குக் கூடக் குறைய 15 நொடி என்பதுதான் அளவு. வாரத்துக்கு 4 நொடிக்குள் இருந்தால் திறக்கவே வேண்டாம்.

கைச்சாவி:
பின்னால் எப்போதாவது ஓவர்ஹாலுக்கு அனுப்பினால் கம்பெனியின் அங்கீகார சர்வீஸ் வழியாகவே அனுப்புங்கள். 72 மணி நேரச் சோதனை முடிவையும் வாராந்திர நொடிக் கணக்கையும் தாளில் எழுதி உடன் வையுங்கள். கேஸ் பாலிஷ் வேண்டாமென்றால் அதையும் எழுத்தில் கொடுங்கள். அந்த டைட்டானியத்தின் கூர் ஓரங்கள் ஸரட்ஸு என்ற கண்ணாடிப் பளபளப்பு பாலிஷ் முறையில் தேய்த்து வந்தவை, சாதாரண பஃபிங் சக்கரம் பட்டால் மழுங்கிவிடும்.